இசக்கியம்மாள் வாசலில் உட்கார்ந்த கொட்டு

மழைதான் காரணம். செம்மணல்விளையில் இன்றைக்கும் யாரைப் பிடித்துக் கேட்டாலும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்வார்கள். தசராவுக்குக் காப்புக் கட்டி, காளியும் குரங்கும் எமனும் குறத்தியும் போலீஸுமாக வேஷம் போட்டு, வீடு வீடாகப் போய்க் கொட்டி ஆடி தர்ம அரிசி வாங்கிக்கொண்டிருந்த ஊர் செட்டு, கீழத்தெருவின் கடைசி வீட்டு வாசலில் நின்றபோது, வெயில் அடித்துக்கொண்டிருக்கையிலேயே சொல்லாமல் கொள்ளாமல் சடசடவென்று மழை இறங்கியது. தப்பட்டைத் தோல் நனைந்துவிட்டால் அப்புறம் ஓலையைக் கொளுத்திக் காய்ச்சினாலும் அன்றைக்குப் பூராவும் முனகிக்கொண்டுதான் கிடக்கும். அதனால் எமன் உறுமியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓட, காளி தன் வேஷத்து மரக்கைகளைக் குடையாகப் பிடித்துத் தப்பட்டைகளுக்குக் காவல் வர, குரங்கு வாலைத் தூக்கிக் கக்கத்தில் செருகிக்கொண்டு பின்னால் ஓட, எல்லோரும் பால் சொசைட்டிக் கொட்டகைக்குள் போய் ஒண்டிக்கொண்டார்கள். கொட்டு மட்டும் ஓடவில்லை. அது வாசலிலேயே நின்றுவிட்டது.

அடிக்க ஆளில்லை, அடிபடத் தோலில்லை, ஆனாலும் மழைக்கு நடுவே, மழையைவிடச் சத்தமாக, டண்டக்க டண்டக்க டன்டன் டக்க என்று அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாசலில் கொட்டைத் திறந்தால், கிளம்பும்போது அழுத்தி மூன்று அடி அடித்து அதை அடைத்துவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். படுக்கப் போகுமுன் அடுப்பை அணைக்கிற மாதிரி, யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகச் செய்துவிடும். திறப்பதும் அடைப்பதும் மூத்த தப்பட்டைக்காரர் மந்திரமூர்த்தியின் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு வாசலையும் அவர் அடைக்காமல் விட்டதில்லை. விட்டது ஒரே ஒரு வாசல், அதுவும் யார் வீட்டு வாசல் என்றால், அவருடைய சொந்த வீட்டு வாசல்.

மறுநாள் காலையில் பால்காரர் தவசிக்கனிதான் அந்தக் கொட்டுக்குள் முதலில் போய் மாட்டினார். சைக்கிளில் வந்தவர் கொட்டுக்குள் முன்சக்கரம் நுழைந்ததும் இறங்கினார், ஸ்டாண்டைப் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், ஆடினார். ஆடி முடித்து மறுபக்கம் வந்து கேனைத் திறந்தால், அவர் ஆட்டத்தில் சைக்கிள் ஆடிய ஆட்டத்துக்குப் பாலின் மேலே வெண்ணெய் திரண்டிருந்தது. அவர் அதற்காக ஒன்றும் வாயைப் பிளக்கவில்லை. அன்றைக்கு ஊருக்கு மோர் ஊற்றினார். வீட்டுக்காரிகள், “என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மோரா?” என்று கேட்டதற்கு, “மந்திரமூர்த்தி கொட்டு கீழத்தெருவுல நிக்கி, நான் என்னத்த செய்ய?” என்றார். அவர்களும் சரி என்று மோரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

செட்டுத் தலைவர் சுடலைமணிக்குத்தான் பதற்றம். காப்புக் கட்டியவர்கள் தசரா முடியும்வரை தங்குகிற விரதக் குடிலிலிருந்து மந்திரமூர்த்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். “நீரு தெறந்த கொட்டுவே. அடைச்சிட்டு வாரும், பொழுதோட அடுத்த ஊருக்குப் போவணும்.”

மந்திரமூர்த்தி வாசலுக்கு வெளியே தள்ளி நின்று, தோளில் தொங்கிய தப்பட்டையைச் சரிசெய்து, அழுத்தி மூன்று அடி அடித்தார். கொட்டு அந்த மூன்றையும் வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. முன்னைவிட இன்னும் நன்றாக இருந்தது. மறுபடி அடித்தார், மறுபடி வாங்கிக்கொண்டது. இப்படியே போனால் ஊரே இடிந்து விழுகிற அளவுக்குக் கொட்டு கொழுத்துவிடும் என்று சுடலைமணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சரி, கெடக்கட்டும். தசரா முடியட்டும், பாப்போம்” என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது. புதிதாகக் குடிவந்த குடும்பத்தைப் பழகுகிற மாதிரி, முதல் நாள் எட்டிப் பார்த்து, இரண்டாம் நாள் சிரித்து, மூன்றாம் நாள் பிள்ளையைப் பிடிக்கக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகிற அளவுக்குப் பழகிக்கொண்டது. உண்மையாகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எந்தத் தாலாட்டுக்கும் தூங்காத பிள்ளைகள் கொட்டின் ஓரத்தில் தொட்டில் கட்டினால் அந்த இடியிலும் வாயைத் திறந்துகொண்டு தூங்கின. பள்ளிக்கூடத்து டீச்சர், பிள்ளைகள் எப்படியும் அதற்குள் புகுந்துதான் வருகின்றன என்று தெரிந்ததும், உடற்பயிற்சி வகுப்பை அங்கேயே முடித்துக்கொண்டார். டீக்கடை அருணோதயம் பெஞ்சுகளைத் தூக்கிக் கொட்டுக்குப் பக்கத்தில் போட்டு, அதன் கணக்குக்கே டீயை ஆற்ற, டீ முன்பு எப்போதும் இல்லாத நுரையோடு வந்தது. கல்யாணத் தரகர் ஒருவர் மாப்பிள்ளைப் பையன்களை வேண்டுமென்றே அந்தப் பக்கமாகக் கூட்டிவந்தார். கொட்டுக்குள் போகிறவன் எப்படி ஆடுகிறான் என்பதைப் பெண்வீட்டார் எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்துவிடலாம், கஞ்சன் கையை மடக்கிக்கொண்டு ஆடுவான், முன்கோபி மண்ணை உதைத்து ஆடுவான், நல்லவன் பக்கத்தில் ஆடுகிறவனுக்கு இடம் விட்டு ஆடுவான் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது எவ்வளவு உண்மையோ, அந்தத் தசராவில் கீழத்தெருவில் நிச்சயமான சம்பந்தங்களுக்குக் குறைவில்லை.

சத்தம் தாங்க முடியவில்லை என்று எவனோ வெளியூர்க்காரன் புகார் கொடுத்து, விசாரிக்க ஒரு ஏட்டையா வந்தார். லத்தியை ஆட்டிக்கொண்டு, “யாருய்யா இங்க அடிக்கது?” என்று கேட்டபடியே உள்ளே போனவர், அந்தக் கேள்வியை முடிக்குமுன்னே ஆடத் தொடங்கி, அப்படி ஓர் ஆட்டம் ஆடினார் பாருங்கள், இடுப்பென்ன, கழுத்தென்ன, தெருவே கைதட்டியது. தசரா நேரமல்லவா, ஊரெல்லாம் போலீஸ் வேஷம்தான். பக்கத்து ஊர் செட்டுக்காரன் யாரோ என்று நினைத்து, பெண்கள் அவர் தொப்பியைக் கழற்றி அதில் படி அரிசியைத் தட்டிவிட்டார்கள். அவர் தொப்பி நிறைய அரிசியோடு திரும்பிப் போனார். மறுநாள் சட்டை வேட்டியில், வீட்டம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, புகார் எதுவும் இல்லாமலே வந்தார்.

ஊரில் எல்லோரும் ஆடியாயிற்று. ஆடாத ஆள் ஒருத்திதான். அவள் வாசலில்தான் அது உட்கார்ந்திருந்தது.

இசக்கியம்மாள் காலையில் முன்கதவைத் திறப்பதே இல்லை. பின்கதவு வழியாக இறங்கி, உடைமர முள்ளுக்குள் புகுந்து, பாழுங்கிணற்றைச் சுற்றி, அரைப் பர்லாங் சுற்றைப் பெரிய யாத்திரையாக ஆக்கிக்கொண்டு, குழாயடிக்குப் போய்வருவாள். முன்வாசல் வழி போனால் இருபது எட்டு. முள் கீறிய காலோடு இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு அவள் முதுகு நிமிர்ந்து வருவதைப் பார்த்து, “ஏன் மயினி இந்தப் பாடு?” என்று பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் கேட்டால், “நடந்தா ஒடம்புக்கு நல்லதுல்லா” என்பாள். பேச்சித்தாய் மந்திரமூர்த்திக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. அவளுக்குத் தெரியாத சங்கதியா?

சங்கதி இதுதான். இசக்கியம்மாளும் மந்திரமூர்த்தியும் புருஷன் பெண்டாட்டி, ஒரே வீடு, ஒரே உலை, ஆனால் மகன் கல்யாணத்திலிருந்து பேச்சு கிடையாது. சோறு வெந்தால் அவள் ஆட்டைப் பார்த்து, “சோறு எறக்கியாச்சி, பசிக்கவங்க திங்கலாம்” என்பாள். வெளியே கிளம்பினால் அவர் நிலைக்கதவைப் பார்த்து, “ஏ கதவு, நான் போயிட்டு வாரேன், பொழுது சாயும்” என்பார். ஆடும் கதவும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும்.

மகன் கல்யாண ஊர்வலத்தில், மாப்பிள்ளை காருக்கு முன்னால், தகப்பன் என்கிற பெருமையெல்லாம் கையில் இறங்க, மந்திரமூர்த்தி தப்பட்டை அடித்துக்கொண்டு போனார். இசக்கியம்மாளின் அண்ணன்மார் டவுனிலிருந்து பளபளவென்று உடுப்புப் போட்ட பேண்டு செட்டைக் கூட்டி வந்திருந்தார்கள். அந்த அண்ணன்மாரில் ஒருவன் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு, “மச்சான் அடிக்கது எப்படி இருக்கு, சொல்லு” என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். பிறந்த வீட்டு ஆட்கள் முன்னால் தானும் டவுன்காரியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், இசக்கியம்மாள், “தகரத்தக் கொட்டுன மாதிரி இருக்கு, நிறுத்தச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பின்னால் திரும்பியிருந்த மந்திரமூர்த்தியின் காதில் அது விழுந்தது. அவர் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தலுக்குப் போய் இலை போட ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு வார்த்தை கடுமையாகத் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். அவர் திட்டவே இல்லை. திட்டுவார் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள், கேட்பாள் கேட்பாள் என்று அவர் காத்திருந்தார், இரண்டு பேருக்கும் வீம்பு சரிசமமாக இருந்ததால் வருஷம் போனது தெரியவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், சொன்னது முழுப் பொய். கன்னியாக இருந்தபோது, அவள் பிறந்த ஊருக்கு ஒரு தசராவில் வந்த செட்டில் மந்திரமூர்த்தி அடித்ததைக் கேட்டுவிட்டு, துறைமுகத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளையை வேண்டாமென்று தள்ளி, “கெட்டுனா அந்தத் தப்பட்டக்காரரத்தான் கெட்டுவேன்” என்று அம்மாவிடம் ஒற்றைக்காலில் நின்றவள் அவள். கல்யாணமாகி வந்த பிறகும் அவர் தெருவில் அடித்துப் பழகும்போது, கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் அவள் ஆடாத ஆட்டமில்லை. இப்போது அந்தக் கொட்டுக்குள் ஓர் எட்டு வைத்தால் கால் காட்டிக்கொடுத்துவிடும். மந்திரமூர்த்தி கொட்டு இசக்கியம்மாளுக்கு உயிர் என்று ஊர் பூராவும் தெரிந்துவிடும், அப்புறம் அன்றைக்குச் சொன்னதற்கு என்ன பதில் சொல்வது? அதனால்தான் முள்ளுக்காடு.

பத்தாம் நாள் நெருங்கியது. அன்றைக்கு மாலை எல்லா ஊர் செட்டுகளும் கடற்கரை அம்மன் கோயிலுக்குக் கொட்டிக்கொண்டே போய்ச் சேர வேண்டும். அங்கேதான் கையில் கட்டிய காப்பை அவிழ்ப்பார்கள், அவிழ்த்த பிறகுதான் விரதக் குடிலை விட்டு வீட்டுக்கு வரலாம். சுடலைமணி அருணோதயம் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, கொட்டுச் சத்தத்துக்கு மேலே கத்தி, ஊர்க்காரர்களிடம் யோசனை கேட்டார். டிராக்டரில் கட்டி இழுக்கலாம் என்றார் ஒருவர். எதில் கயிற்றைக் கட்டுவது என்று இன்னொருவர் கேட்டதும் அது அதோடு போயிற்று. தீர்த்தம் தெளித்துப் பார்த்தார்கள், கொட்டுக்குக் குளிர்ந்து இன்னும் குஷியாயிற்று.

மந்திரமூர்த்தி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க எல்லாரும் போங்க. தெறந்த கொட்ட நடுத்தெருவுல போட்டுட்டு நான் அம்மனுக்கு முன்னால போயி நிக்க மாட்டேன்” என்றார். “காப்பு கையிலயே இருக்கட்டும். நான் குடில்லயே இருந்துக்கிடுதேன்.”

“எத்தன நாளைக்கிவே?” என்றார் சுடலைமணி.

“அது எந்திரிக்க மட்டுக்கும்.”

பேச்சித்தாய் இந்தச் செய்தியை ஓட்டமாக ஓடிவந்து பின்கதவு வழியாக இசக்கியம்மாளிடம் சொன்னாள். இசக்கியம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“வீட்டுக்கு வரமாட்டாவளாமா?”

“வரமாட்டாவளாம். மயினி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. ஊரே ஆடிட்டு. மாடு ஆடிட்டு, ஏட்டையா ஆடிட்டாரு. அது இன்னும் எந்திரிக்கல. யாருக்காவ உக்காந்திருக்குன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள் இசக்கியம்மாள். பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தசரா தசராவுக்கு அவர் குடிலுக்குப் போவதுதான், அது திரும்பி வருகிறவரின் இல்லாமை, அவள் அதற்குப் பழகியிருந்தாள். பேசாவிட்டாலும் அவர் இருமுவார், பல் விளக்குவார், வெற்றிலையைத் தட்டுவார், புரண்டு படுப்பார். இனி அதெல்லாம் இருக்காது என்று நினைத்ததும் பயமாக இருந்தது. வெளிவாசலில் அவருடைய கொட்டு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றாள்.

பத்தாம் நாள் பிற்பகல் தெருவே ஜெகஜோதியாக இருந்தது. சுற்றுப்பட்டு ஊர் செட்டுகளெல்லாம் கடற்கரைக்குப் போகிற வழியில் கீழத்தெருவைக் கடந்தன. ஒரு செட்டின் சிங்கி, ஒரு செட்டின் பம்பை, ஒரு செட்டில் கேரளத்திலிருந்து வந்த கொம்பு, எல்லாம் மந்திரமூர்த்தியின் கொட்டுக்குள் நுழையும்போது அதனோடு கைகோத்து, அதன் நடைக்கு நடந்து, மறுபக்கம் தன் நடைக்குத் திரும்பிப் போயின. எத்தனை காளிகள், எத்தனை கரடிகள், உடம்பெல்லாம் மஞ்சளும் செம்மண்ணும் வேர்வையுமாக எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. செம்மணல்விளை செட்டு மட்டும் தன் வேஷத்தோடு தெருவோரத்தில் நின்றது. மந்திரமூர்த்தி இல்லாமல் போக அவர்களுக்கும் மனசில்லை. எமன் அழுததில் மீசை கரைந்து வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

இசக்கியம்மாள் அப்போது குழாயடியிலிருந்து நிறைகுடத்தோடு வந்துகொண்டிருந்தாள். இடப்பக்கம் முள்ளுக்காட்டுக்குத் திரும்புகிற இடத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தெருவின் அந்தக் கோடியில், குச்சி இரண்டும் இடுப்பில், தப்பட்டை முதுகில், சிவப்பு வேட்டியோடு, கடலுக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு ஆகாத பிள்ளையாக நிற்கிற புருஷன் தெரிந்தார். விரதத்தில் மெலிந்திருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது.

“எக்கேடும் கெடட்டும், போ” என்று அவள் தன் வீம்பைப் பார்த்துச் சொன்னாள். நேராக நடந்தாள்.

கொட்டின் விளிம்பில் வலது காலை வைத்ததும் கால் பேசியது. குடத்தை இறக்கவில்லை, இறக்க நேரமில்லை. இடுப்புக் குடத்தோடு ஆடினாள். அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு இத்தனை வருஷம் ஆடிச் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும், குதிகாலில் ஏறி, முழங்காலில் ஏறி, தோளில் ஏறி, குடத்துத் தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்க வெளியே வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அடுத்து எந்த அடி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது வருமுன்னே கால் அங்கே போய் நின்றது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த செட்டுகள் நின்றன, காளிகள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்கள், அருணோதயம் ஆற்றிய டீ கீழே ஊற்றிக்கொண்டே இருந்தது.

“அன்னைக்கு நான் சொன்னது பொய்யிங்க!” என்று கத்தினாள் இசக்கியம்மாள். கண்ணீரும் குழாய்த் தண்ணீரும் முகத்தில் ஒன்றாக ஓடின. “பொய்! எங்க அண்ணமாருக்கு முன்னால ஆடம்பரத்துக்குச் சொன்னேன். உங்க கொட்டக் கேட்டுத்தான உங்களக் கெட்டுனேன், எனக்கு என்ன காது இல்லையா?”

அப்போது கொட்டு எழுந்தது. உட்கார்ந்திருந்த மாடு எழுகிற மாதிரி, பின்னங்கால் முதலில், முன்னங்கால் அப்புறம் என்று நிதானமாக எழுந்து, அவள் காலடியில் போய் நின்றுகொண்டது. அவள் ஓர் எட்டு வைத்தாள், அதுவும் வந்தது. இரண்டு எட்டு வைத்தாள், அதுவும் வந்தது. அவள் ஆடிக்கொண்டே கடற்கரைப் பக்கமாகத் திரும்பினாள்.

மந்திரமூர்த்தி வாயைத் திறந்தபடி நின்றார்.

“என்னத்தப் பாக்குதிய?” என்றாள் இசக்கியம்மாள், அவரைக் கடந்து போகையில், ஆட்டையும் பார்க்காமல் கதவையும் பார்க்காமல் அவரையே பார்த்து. “அடிங்க.”

அவருக்கு உடனே அடிக்க முடியவில்லை. இடுப்பிலிருந்து அவசரமாக உருவியதில் குச்சி ஒன்று கீழே விழுந்து குரங்கு எடுத்துக் கொடுத்தது. அதற்குள் அவள் அருணோதயம் கடைத் திருப்பத்தைத் தாண்டிவிட்டாள், கொட்டும் அவளோடு தாண்டிவிட்டது, ஊரெல்லாம் கூவிக்கொண்டு அவள் பின்னால் போயிற்று. மந்திரமூர்த்தி தப்பட்டையை முன்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் அடித்த கொட்டைத் தானே துரத்திக்கொண்டு ஓடினார். மேடு ஏறினார், வாய்க்கால் பாலத்தில் காளிகளை இடித்துக்கொண்டு ஏறி இறங்கினார், கரடியின் காலை மிதித்தார், கடல் தெரிகிற பனைவிளை முனையில் ஒருவழியாக அவளை எட்டிப் பிடித்தார். மூச்சு வாங்கியது. இத்தனை வருஷத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தையாக, “மெதுவாப் போ இசக்கி, என்னால முடியல” என்றார்.

“மெதுவாப் போயித்தான் இவ்வளவு வருசம் வீணாப் போச்சி” என்றாள் அவள், நிற்காமல். “நீங்க வெரசலா வாங்க.”

அவர் வெரசலாக நடந்து, அவள் காலுக்குச் சரியாக அடிக்கத் தொடங்கினார்.